வர்ஜீனியா 10ஆவது தொகுதி: பணக்காரப் புறநகர் ஏன் கட்சி மாறியது?

நொய்யல் (ஆஷ்பர்ன், வர்ஜீனியா) | 2025 நவம்பர் 15

"இந்தியர்கள் நிறைய, பணம் நிறைய, அதனால் ஜனநாயகக் கட்சிக் கோட்டை." வடக்கு வர்ஜீனியாவைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் தேர்தல்தோறும் ஓடும் வரி இது. நான் குடியிருக்கும் 10ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியைப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்குமே ஒத்துவரவில்லை. இதை விரிவாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் இடம். லவுடன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற அமைப்பு) முழுவதும், ஃபாக்கியர், ராப்பஹானக் கவுண்டிகள், மனாசஸ், மனாசஸ் பார்க் நகரங்கள், பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் மேற்குப் பகுதி, ஃபேர்ஃபேக்ஸில் ஒரு சிறு துண்டு. 2020 கணக்கெடுப்புப்படி வர்ஜீனியாவில் ஒரு தொகுதிக்கு 7,84,672 பேர். இங்கே அதில் பாதிக்கு மேல், 4,20,959 பேர், லவுடனில் இருக்கிறார்கள்.

இந்த லவுடனில் 1970ல் இருந்தவர்கள் வெறும் 37,150 பேர். 1990ல் 86,129. 2000ல் 1,69,599. 2010ல் 3,12,311. பால்பண்ணையும் குதிரைப் பண்ணையுமாக இருந்த ஊர் ஒரே தலைமுறையில் இப்படி ஆனது. 1962ல் டல்லஸ் (Dulles) விமான நிலையம் இங்கே வந்தது. தொண்ணூறுகளில் இணையக் கம்பெனிகள் அதைச் சுற்றி வந்து அமர்ந்தன. வாஷிங்டனின் அரசு ஒப்பந்த வேலைகள் மேற்கு நோக்கி நகர்ந்தன. குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு இப்போது ஆண்டுக்கு 1,70,000 டாலருக்கு மேல். ஏறக்குறைய 2008 முதல் நாட்டின் பணக்கார கவுண்டிகள் பட்டியலில் லவுடனுக்குத்தான் முதலிடம்.

இனி ஓட்டு. குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் வுல்ஃப் 1980 தேர்தலில் வென்று, 34 ஆண்டுகள் இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 2004ல் லவுடன் புஷ்ஷுக்கு 56 சதவீதம் கொடுத்தது. 2008ல் ஒபாமா வென்றார். 1964ல் ஜான்சன் வென்ற பிறகு லவுடனை எடுத்த முதல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அவர்தான். ஆனாலும் 2012ல் 10ஆவது தொகுதி முழுவதையும் கூட்டினால் ராம்னிதான் மயிரிழையில் முன்னே இருந்தார். 2016 இன்னும் கவனிக்க வேண்டிய ஆண்டு. ஹிலரி தொகுதியைச் சுமார் 10 புள்ளியில் (சதவீத வித்தியாசத்தில்) வென்றார். அதே வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சியின் பார்பரா காம்ஸ்டாக்கை மக்கள் சுமார் 6 புள்ளியில் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 2018ல் அதே காம்ஸ்டாக், ஜெனிஃபர் வெக்ஸ்டனிடம் 12 புள்ளியில் தோற்றார்.

2004லும் இது பணக்கார இடம்தான், 2018லும் பணக்கார இடம்தான். ஆகவே பணத்தை மட்டும் வைத்து இந்த மாற்றத்தை விளக்க முடியாது. என் கருத்தில் மூன்று காரணங்கள் ஒன்று சேர்ந்தன. லவுடனில் பெரியவர்களில் பத்துக்கு ஆறு பேர் பட்டதாரிகள். நாடு முழுவதும் பட்டதாரிகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நகர்ந்தபோது இவர்களும் நகர்ந்தார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்கள் லவுடனில் நான்கில் ஒருவர். அப்புறம், வீட்டுக்கு வரும் சம்பளத்தில் பெரும் பகுதி நேராகவோ சுற்றுவழியாகவோ மத்திய அரசிலிருந்து வருகிறது. "அரசாங்கத்தைச் சுருக்குவோம்" என்ற முழக்கம் இங்கே ஒரு கொள்கையாகக் கேட்பதில்லை. வீட்டுக் கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்ற கவலையாகத்தான் கேட்கிறது.

---

கல்லணை (சவுத் ரைடிங்)

அண்ணா, வரலாறு சரி. ஆனால் 2018லேயே நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு வேறு கதை நடந்தது.

2020ல் பைடன் லவுடனை 25 புள்ளியில் வென்றார். அடுத்த ஆண்டே ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் யங்கின் அந்த வித்தியாசத்தை 11 புள்ளியாகக் குறைத்தார்; மாநிலத்தையும் வென்றார். 2024ல் கமலா ஹாரிஸ் லவுடனில் வென்றது சுமார் 16 புள்ளியில்தான். அவருடைய தாயார் சென்னைக்காரர் என்பது நம் வீடுகளில் பேசப்பட்ட அளவுக்கு ஓட்டில் உதவவில்லை. நம் காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் சுஹாஸ் சுப்ரமணியம் 52க்கு 47 என்றுதான் ஜெயித்தார். கோட்டை என்று சொல்லும் எண்களா இவை?

நான் 2021ல் யங்கினுக்கு ஓட்டுப் போட்டேன். காரணத்தையும் சொல்கிறேன். தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி (அறிவியலுக்குப் பெயர் போன அரசுப் பள்ளி) ஃபேர்ஃபேக்ஸில் இருந்தாலும் லவுடன் பிள்ளைகளும் போட்டியிட்டுச் சேரலாம். 2020 கடைசியில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். சேர்க்கையில் ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024 பிப்ரவரியில் அதை விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். அதோடு கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடியே கிடந்தன. ஊரை விட்டு ஊர் வந்து பிள்ளைகள் படிப்புக்காகவே இந்தக் கவுண்டியில் கடன்பட்டு வீடு வாங்கியவர்கள் நாம். படிப்பில் கை வைத்தால் கட்சி பார்க்க மாட்டோம்.

---

வைகைக்கரை (ஸ்டெர்லிங்)

கல்லணை தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அது நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "நாம்" என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

நான் இருப்பது ஸ்டெர்லிங். அதே லவுடன், ஆஷ்பர்னிலிருந்து சிறிது தூரம்தான். எங்கள் தெருவில் எல் சால்வடாரிலிருந்து வந்தவர்கள் அதிகம். உங்கள் கூரை, புல்வெளி, கல்யாண மண்டபச் சமையலறை எல்லாம் இவர்கள் உழைப்பு. ஒரே டவுன்ஹவுஸில் இரண்டு குடும்பம் இருக்கும். இரண்டு குடும்ப வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கில் அது நல்ல வருமானமுள்ள வீடு! நடுமதிப்பு 1,70,000 என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது இவர்கள் மறைந்துபோகிறார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளியில் மதிய உணவு உதவி வாங்கும் பிள்ளைகள் ஏராளம்.

தெற்கே மனாசஸ் பார்க் போனால் லத்தீன் மக்கள்தான் பெருங்கூட்டம். பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் 2007ல் கவுண்டி போர்டின் (நிர்வாகக் குழுவின்) தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் கோரி ஸ்டூவர்ட், போலீஸார் ஆட்களின் குடியேற்ற ஆவணங்களை விசாரிக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு முன்னே நின்றார். அப்போது ஊரைக் காலி செய்தவர்கள் உண்டு. இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். 2018ல் அதே ஸ்டூவர்ட் செனட்டுக்கு நின்றார், காம்ஸ்டாக்கும் அதே சீட்டில் இருந்தார். காம்ஸ்டாக் தோல்விக்கு ஸ்டூவர்ட்டும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

---

குன்னூரான் (வாரன்டன், ஃபாக்கியர்)

இந்த இழையில் மேற்குப் பக்கத்துக்காரன் ஒருவன் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

ஃபாக்கியரில் 72,972 பேர், ராப்பஹானக்கில் 7,348 பேர். இரண்டும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் இடங்கள். இங்கேயும் பணம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரிப் பணம். தலைமுறை தலைமுறையாக வந்த நிலம், குதிரை, திராட்சைத் தோட்டம். அதை ஒட்டியே கடன் வாங்கி டிராக்டர் ஓட்டும் விவசாயி. இரண்டு பேரும் ஒரே கட்சிக்குத்தான் போடுவார்கள், காரணம்தான் வேறு. லவுடனுக்குள்ளேயே 15ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கே போனால் வேறு நாடு மாதிரி இருக்கும். பர்சல்வில், மிடில்பர்க் பக்கம் வீடு கட்ட விடாமல் நிலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்காகக் கவுண்டி போர்டில் எத்தனை ஆண்டுச் சண்டை என்று பழையவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் பழைய வுல்ஃப் ஆள். அவரை மதித்தேன், இன்னும் மதிக்கிறேன். 1998ல் வந்த சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர். உலகத்தில் எந்த மூலையில் சிறுபான்மையினரை அடித்தாலும் குரல் கொடுத்தார். தொகுதிக்காரர்களுக்குச் சாலை, ரயில், அரசு ஊழியர் பிரச்சினை என்று எது வந்தாலும் முன்னே நின்றார். அந்த வகை ஆளுக்குக் கட்சியில் இப்போது இடம் இல்லை. காம்ஸ்டாக் 2016 அக்டோபரில் ட்ரம்ப் விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அந்த ஆண்டு பிழைத்தார். ட்ரம்ப் அதிபரான பிறகு அந்த இடைவெளியைக் காட்ட அவரால் முடியவில்லை, 2018ல் போய்விட்டார். தொகுதி மாறியது உண்மை. கட்சியும் மாறியது.

---

நொய்யல்

குன்னூரான் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். 2022ல் குடியரசுக் கட்சி நிறுத்திய ஹங் காவ், வியட்நாமில் பிறந்து அகதியாக வந்து கடற்படை அதிகாரியானவர். வெக்ஸ்டன் அவரை வென்றது 53க்கு 47தான். குடியேறி வந்தவர்கள் ஒரே கட்சியில்தான் இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வெக்ஸ்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் அவருக்கு மூளையைத் தாக்கும் கொடிய நோய் இருப்பது தெரிந்தது. மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். பேச்சு போன பிறகும் பதவிக்காலம் முடியும் வரை வேலை பார்த்தார். 2024 ஜூலையில், தன் பழைய குரலைக் கணினியில் மீட்டெடுத்து, அதன் மூலம் அவையில் பேசினார். கட்சி எதுவானாலும் அதைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு.

அவர் இடத்துக்கு ஜனநாயகக் கட்சி முதல்கட்டத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்) 12 பேர் நின்றார்கள். சுமார் 30 சதவீதம் வாங்கியே சுப்ரமணியம் வேட்பாளரானார். இதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். பல பேர் நிற்கும் முதல்கட்டத் தேர்தலில் சில ஆயிரம் ஓட்டுதான் முடிவு செய்கிறது. நவம்பரில் மட்டும் வந்து நிற்பவர்களுக்கு முன்கூட்டியே சமைத்த சோறுதான் கிடைக்கும்.

கல்லணை தம்பி, 2024 சறுக்கல் உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. விலைவாசி, பள்ளிக்கூடம், எல்லைப் பிரச்சினை எல்லாம் சேர்ந்தது. ஆனால் இந்த நவம்பர் 4 அன்று ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஸ்பான்பெர்கர் லவுடனை ஹாரிஸை விட மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றார். துணை ஆளுநராக ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி வந்திருக்கிறார். நடுவில் நடந்தது என்ன? மத்திய அரசு ஆட்குறைப்பு, ஒப்பந்தங்கள் ரத்து, அக்டோபரில் தொடங்கிய அரசு முடக்கம் (நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு வேலைகள் நின்றது), செப்டம்பரில் எச்1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம். இதில் ஒன்றாவது தொடாத தெரு எங்கள் பக்கம் இல்லை.

---

கல்லணை

அதை மறுக்கவில்லை. என் தம்பி மனைவி ஒப்பந்த வேலையை ஏப்ரலில் இழந்தார். இந்த முறை நான் ஸ்பான்பெர்கருக்குத்தான் போட்டேன். நான் சொல்ல வருவது, எங்களை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

---

அடையாறு (சென்னை)

வெளியூர்க்காரன் கேள்வி ஒன்று. லவுடனில் ஆசியர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் ஓட்டிலும் அதே பங்கா? தொகுதி எல்லையை யார் வரைகிறார்கள்? இங்கே 2026க்குப் பிறகு மறுவரையறை என்று எல்லோரும் கவலையில் இருக்கிறோம், அதனால்தான் கேட்கிறேன்.

---

நொய்யல்

ஐயா, இந்த இழையின் மையக் கேள்வியே இதுதான் என்பேன். ஓட்டில் அதே பங்கு கிடையாது.

கணக்கெடுப்பில் எல்லோரையும் எண்ணுகிறார்கள்: குடிமகன், கிரீன் கார்டு, எச்1பி, ஆவணம் இல்லாதவர், கைக்குழந்தை. தொகுதியின் அளவு அந்த மொத்த எண்ணில். ஓட்டோ 18 வயதான குடிமக்களுக்கு மட்டும். நம் ஆட்களில் பலர் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டாக நிற்கிறார்கள். ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இந்தியர்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. கார்டு கிடைத்த பிறகும் குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு. வீட்டு வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், சாலையில் நெரிசலில் நிற்கிறார்கள். ஆனால் ஓட்டு இல்லை. ஆகவே தெருவில் நடந்தால் தெரியும் தொகுதியும் வாக்குச்சாவடியில் தெரியும் தொகுதியும் வேறு. வாக்குச்சாவடியில் இருக்கும் தொகுதிக்கு வயது அதிகம், வெள்ளையர் பங்கும் அதிகம்.

ஆனால் இது நிலைத்து நிற்காது. 2000களின் தொடக்கத்தில் இங்கே வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். அப்பா அம்மா இன்னும் வரிசையில் நிற்க, பிள்ளை போய் ஓட்டுப் போடுகிற வீடுகள் எங்கள் குடியிருப்பிலேயே உண்டு. வரும் பத்து ஆண்டில் இந்தத் தொகுதியை மாற்றப்போவது புதிதாக வருபவர்களை விட இந்தப் பிள்ளைகள்தான்.

எல்லை விஷயம்: வர்ஜீனியாவில் 2020 நவம்பரில் வாக்காளர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து ஓர் ஆணையத்தை உருவாக்கினார்கள். எட்டு சட்டமன்ற உறுப்பினர்கள், எட்டு பொதுமக்கள். அது பாதி பாதியாகப் பிரிந்து முடிவுக்கே வரவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு நிபுணர்களை வைத்து வரைந்து 2021 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் இந்தத் தொகுதி கிழக்கே மெக்லீனிலிருந்து மேற்கே வின்செஸ்டர் வரை நீண்டு கிடந்தது. அந்த 2021 வரைபடத்தில் லவுடனை நடுவில் வைத்து இறுகிவிட்டது. மற்ற மாநிலங்களில் நடக்கும் இடைக்கால மறுவரையறைக்குப் பதிலடியாக, 2025 அக்டோபரில் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தின் முதல் படியை நிறைவேற்றியது. அதைச் சட்டமன்றம் இன்னொரு முறை நிறைவேற்றி, பிறகு மக்களும் ஓட்டுப் போட வேண்டும் என்பது விதி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆணையத்துக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

---

வைகைக்கரை

எனக்கு உடன்பாடு உண்டு, ஆனால் மகிழ்ச்சியோடு இல்லை. எதிர்த்தரப்பு டெக்சாஸில் வரைந்துகொண்டிருக்கும்போது நாம் மட்டும் விதிமுறை பேசிக்கொண்டிருக்க முடியாது. இதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே சண்டை போடுவோம்.

அடையாறு ஐயா, தமிழ்நாட்டுக் கவலை வேறு வகை. அங்கே மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதே கேள்வி. 1971 எண்ணிக்கையில் உறைந்து கிடப்பது. இங்கே வர்ஜீனியாவுக்கு 11 இடம் என்பதில் மாற்றம் இல்லை, உள்ளே கோடு எங்கே என்பதுதான் தகராறு.

---

குன்னூரான்

யாரும் டேட்டா சென்டர் பேச்சை எடுக்கவில்லையே! கட்சிப் பிரிவினையையே கலைத்துப் போட்டது அதுதான்.

ஆஷ்பர்னைச் சுற்றி இருப்பது உலகிலேயே மிகப் பெரிய டேட்டா சென்டர் கூட்டம். அந்தக் கணினிகளுக்கு விதிக்கும் வரியில்தான் லவுடன் கவுண்டி செழிக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் வீட்டு வரி 100 டாலர் மதிப்புக்கு 1.30ஐ ஒட்டி இருந்தது. 2025ல் 0.805. வீட்டுக்காரர்களுக்கு இனிப்புதான். ஆனால் உயர் அழுத்த மின்கம்பிகள், ஜெனரேட்டர் இரைச்சல், வீட்டு ஜன்னலுக்கு எதிரே நான்கு மாடி உயரச் சுவர் எல்லாம் கூடவே வந்தன. அதனால் 2025 மார்ச்சில் லவுடன் போர்டு, தனி அனுமதி இல்லாமல் கட்டலாம் என்ற பழைய விதியை எடுத்துவிட்டது.

பிரின்ஸ் வில்லியமில் மனாசஸ் போர்க்களத்துக்குப் பக்கத்தில் சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர் கொண்டுவரப் பார்த்தார்கள். அதை ஆதரித்த கவுண்டி போர்டுத் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஆன் வீலர் 2023 ஜூனில் தன் கட்சியின் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். பதவி முடியும் முன் அந்த போர்டு போகிற போக்கில் டிசம்பரில் அனுமதி கொடுத்தது; 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவரை எதிர்த்தவர்களில் என் கட்சிக்காரர்கள், அவர் கட்சிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

இந்த மாதம் மேற்கு லவுடனும் வடக்கு ஃபாக்கியரும் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற இடத்தை ஜனநாயகக் கட்சியின் ஜான் மெக்காலிஃப் எங்கள் கட்சியிடமிருந்து பறித்தார். அவர் முக்கால்வாசி பேசியது டேட்டா சென்டரும் மின்கட்டணமும்தான். என் பக்கத்துப் பண்ணைக்காரர் வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். காங்கிரஸ் தேர்தலில் அவர் போட மாட்டார். ஆனால் தொட்டுப் பேசினால் கேட்பார் என்பது தெரிந்துவிட்டது.

---

கரிசல்மண் (பிராம்பிள்டன்)

இத்தனை நாள் வாசிப்பதோடு சரி. இப்போது ஒரு கேள்வி. எனக்கு அடுத்த மாதம் குடியுரிமை உறுதிமொழி. மனைவிக்குக் கிரீன் கார்டுதான். முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட எந்தக் கட்சியில் பதிய வேண்டும்? எப்போதிலிருந்து போடலாம்?

---

வைகைக்கரை

வாழ்த்துகள் தம்பி! வர்ஜீனியாவில் கட்சிப் பதிவே கிடையாது. முதல்கட்டத் தேர்தலில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டுமோ கேட்டு வாங்கலாம், ஒன்று மட்டும். உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளராகப் பதியலாம். தேதி தவறினாலும் 2022 முதல் தேர்தல் நாளன்றே பதிந்து தற்காலிகச் சீட்டில் போடும் வசதி இருக்கிறது. 45 நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவும் உண்டு.

உங்கள் மனைவி விஷயத்தில் கவனம். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது திரையில் வாக்காளர் பதிவுக் கேள்வி வரும். குடிமகனா என்று கேட்கும் இடத்தில் "இல்லை" என்பதைத் தெளிவாகத் தொடச் சொல்லுங்கள். அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிட்டால், பிறகு அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே பெரிய சிக்கலாகும். எழுத்து புரியாவிட்டால் அங்கே வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். தாளைக் கையில் கொடுத்தால் கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.